கிட்டங்கிச் சிப்பாயின் தாடி

சாத்தன்பாறையில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிச் சுவரில் படமாய் ஒட்டியிருந்த பட்டாளத்துக்காரனுக்குத் தாடி முளைக்கத் தொடங்கியது, சிங்கப்பூர் விழுந்த சேதி வந்து இரண்டு மாதம் கழித்து, சித்திரை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், சந்தைக்கு வண்டிகள் வந்துகொண்டிருந்த காலை நேரத்தில். முதலில் அதைப் பார்த்தவள் மாடத்தி. ஊரில் சர்க்கார் படங்களையும் நோட்டீசுகளையும் சுவரில் ஒட்டுகிற வேலை அப்போது அவளுடையதாக இருந்தது. அதற்கு முன்னால் அவள் புருஷன் சொரிமுத்துவுடையதாக இருந்தது. அவனோ அந்தப் படத்தை ஒட்டிவிட்டு அதே சூட்டில் பட்டாளத்து லாரியில் ஏறிப் போனவன். படத்தின் ஓரம் பிய்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவள், தாளில் ஏதோ கரி பட்டிருக்கிறது என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். முந்தானையில் ஒன்றும் ஒட்டவில்லை. விரலால் தடவினாள். குத்தியது.

சொரிமுத்து மூன்று பிர்க்கா ஊர்களுக்கும் பசைவாளி தூக்கியவன். சண்டை தொடங்கிய நாளிலிருந்து மாதத்துக்கு இரண்டு கட்டுப் படம் சென்னைப் பட்டணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கும். வதந்தியை நம்பாதே என்று வாயில் விரல் வைத்த ஒரு அம்மாள், கூடுதலாகப் பயிரிடு என்று தோளில் மண்வெட்டி வைத்த ஒரு சம்சாரி, இவர்கள் எல்லாருக்கும் மேலாக, முண்டாசும் காக்கியுமாய், நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை முன்னால் நீட்டி, மழுமழுவென்று சிரைத்த முகத்தில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு சிப்பாய், அவன் காலடியில் 'வா தம்பி, சேனை அழைக்கிறது' என்ற எழுத்து. போலீஸ் ஸ்டேஷன் சுவர், பள்ளிக்கூடச் சுவர், ரயில்வே கேட்டுக்காரன் குடிசை, கள்ளுக்கடைத் தட்டி என்று ஒரு இடம் விடாமல் அவனை ஒட்டினான் சொரிமுத்து. பழையதைக் கிழிக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டுவது அந்தத் தொழிலின் வழக்கம், அதனால் ஊர்ச் சுவர்கள் எல்லாம் இரண்டு வருஷத்தில் ஒரு விரற்கடை தடித்துப்போயின. நூறு சுவரில் நின்று வா வா என்று கூப்பிடுகிறவனை நூறு தடவை கையால் நீவி ஒட்டியவனுக்கு, ஒருநாள், அவன் கூப்பிடுவது தன்னைத்தான் என்று தோன்றிவிட்டது. மழையும் இரண்டு வருஷமாய்ப் பொய்த்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் புறப்பட்ட நாளை மாடத்தி நினைக்காத நாளில்லை. நினைத்தால் கண்ணீர் வருவதற்கு முன்னால் கோபம்தான் வரும். கம்பும் சோளமும் தின்று பழகிய வீட்டில், புருஷன் பட்டாளம் போகிறானே என்று நாலு வீட்டில் கேட்டு வாங்கிய அரிசியில் அவள் கஞ்சி வைத்திருந்தாள். படக் கட்டில் ஒரே ஒரு படம் மிச்சம், ஊரில் கிட்டங்கிச் சுவர் ஒன்று மிச்சம். ஏற்ற வேலையைப் பாக்கி வைத்துப் போக அவனுக்கு மனம் வரவில்லை. பசைச் சட்டியை யார் வீட்டுப் பசுவோ முட்டிக் கவிழ்த்துவிட்டது. லாரிக்காரன் சந்தைப்பேட்டையில் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். சொரிமுத்து அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"ஐயோ, அது உமக்கு வச்ச கஞ்சி," என்று பின்னாலேயே ஓடினாள் மாடத்தி. "உப்புப் போட்டாச்சி. துத்தமும் போடல. ஒரு வாய் குடிச்சிட்டாவது ஒட்டும்."

"ஒட்டிட்டுக் குடிக்கேன்ட்டி."

பசையில் மயில்துத்தம் கலக்காவிட்டால் பூச்சி அரிக்கும், ஆடுமாடு நக்கித் தின்றுவிடும் என்பது பசைவாளி தூக்குகிற எல்லாருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதா. தெரிந்தும் ஒட்டினான். ஒட்டி முடித்து, வழக்கம்போல உள்ளங்கையைப் படத்தின் நடுவில் வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றியபோது பானையில் ஒரு வாய்கூட மிச்சமில்லை, லாரி நகர ஆரம்பித்திருந்தது. "வந்து குடிச்சிக்கிடுதேன், வச்சிரு," என்று கத்திக்கொண்டே ஏறினான். அவன் சண்டைக்குப் போனதைக்கூட மாடத்தி ஒருமாதிரி பொறுத்துக்கொண்டாள், வெறும் வயிற்றோடு போனதை அவளால் பொறுக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து அவள் கஞ்சி வைத்தால் இரண்டு ஆளுக்குத்தான் வைத்தாள்.

அந்த லாரியில் ஊரிலிருந்து பதினொரு பேர் போனார்கள். ஆறு மாதம் கடிதாசு வந்தது. சிங்கப்பூர் விழுந்த பிறகு ஒருவரிடமிருந்தும் வரவில்லை, உயிரோடு பிடிபட்டார்களா இல்லையா என்று சொல்லவும் யாருமில்லை. அப்படி ஒரு மௌனம் ஊர்மேல் கவிந்து கிடந்தபோதுதான் தாடி முளைத்தது.

ஊர் அதைப் பற்றி இரண்டு நாள் பேசியது. சந்தைக்கு வந்தவர்களிடம் விசாரித்ததில், பக்கத்து ஊர்களில் ஒட்டிய அதே சிப்பாய்கள் சிரைத்த முகத்தோடுதான் இருக்கிறார்கள், பலரைத் துத்தத்தையும் மீறிப் பசுமாடு தின்றுவிட்டது என்று தெரிந்தது. சரி, நம் ஊர் மண் அப்படி என்று முடிவுகட்டிவிட்டு எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். மூன்றாம் வாரம் தாடி கழுத்துக்கு இறங்கிவிட்டது. சேனைக்கு வா என்று கூப்பிடுகிறவன் சாமியாரைப் போல நிற்கிறானே, பார்க்கிறவன் சேனைக்கு வருவானா காசிக்குப் போவானா என்று போலீஸ் ஏட்டுக்குக் கவலை வந்து, தாலுகா ஆபீசுக்கு ஒரு அறிக்கை எழுதிப்போட்டார். தாலுகா ஆபீஸ் அதை ஜில்லாவுக்கு அனுப்பியது. ஜில்லாவிலிருந்து ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது: உத்தரவு பெறாமல் சிப்பாய் தாடி வளர்ப்பது சேனை ஒழுங்குக்கு விரோதம், உடனே சிரைத்து, சிரைத்த விவரத்தைத் தெரிவிக்கவும். எப்படி முளைத்தது என்று ஜில்லா கேட்கவில்லை, ஏட்டும் சொல்லவில்லை.

ஆக, சவரத் தொழிலாளி வைரவன் ஒரு புதன்கிழமை தன் பெட்டியோடு கிட்டங்கிச் சுவருக்கு வந்தான். அவன் வேலையில் நல்ல கைகாரன், ஆனால் ஒரு குறை உண்டு. எத்தனை தடவை சொன்னாலும், யார் முகமானாலும், கீழுதட்டுக்கு அடியில் ஒரு நெல்லளவு மயிரை விட்டுவிடுவான். அவன் அப்பனும் அப்படித்தான் விட்டான். மூன்று ஜில்லா தள்ளிப் போனாலும் அந்த நெல்லளவு மயிரை வைத்தே சாத்தன்பாறைக்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தாள் நனையாமல் நுரை பூசி, தாள் கிழியாமல் கத்தியை இழுத்து, சிப்பாயை அரைமணி நேரத்தில் பழைய முகத்துக்குக் கொண்டுவந்தான் வைரவன், நெல்லளவு மட்டும் நின்றது. ஏட்டு கையெழுத்துப் போட்டார். அடுத்த புதனுக்குள் மறுபடி முளைத்துவிட்டது. அதற்கு அடுத்த புதனுக்குள்ளும். பிறகு யாரும் யாருக்கும் எழுதிக் கேட்கவில்லை, சந்தை நாளில் மிளகாய் வற்றல் குவிப்பதும் மாட்டுக்கு லாடம் அடிப்பதும்போல, கிட்டங்கிச் சிப்பாய்க்குச் சவரம் செய்வதும் ஊரின் புதன்கிழமை வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

பெண்கள்தான் அதை வேறுமாதிரி பார்த்தார்கள். தம்பியை அனுப்பிவிட்டுக் காத்திருந்த முத்துப்பேச்சி, புருஷனை அனுப்பிய ஞானப்பூ, ஒரே மகனை அனுப்பிய மைதீன் பாத்து என்று பதினொரு வீட்டுப் பெண்களும் புதன்கிழமை தவறாமல் கிட்டங்கி வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள்.

"எந்தம்பிக்கும் நாடியில இப்பிடித்தான் செம்பட்டையா முளைக்கும்," என்பாள் முத்துப்பேச்சி.

"அது வெயிலுக்குச் செம்பட்டையாத் தெரியுது," என்பாள் ஞானப்பூ. "வலது கன்னத்துல பாரு, காசு அகலத்துக்கு முளைக்காம கெடக்கு. எங்க வீட்டுக்காரருக்கு அப்பிடியேதான்."

"மொகம் யாரோ ஒருத்தன் மொகம்லா," என்று வைரவன் ஒருதரம் நுரை குழைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தான்.

"மொகம் அச்சடிச்சது, சரி. தாடி அச்சடிச்சதாவே?" என்று கேட்டாள் மைதீன் பாத்து. வைரவன் நுரையைப் பூசத் தொடங்கினான். அன்றிலிருந்து அந்தத் தாடி பதினொரு வீட்டுக்கும் பொதுவாகிவிட்டது. அது முளைக்கிறவரை யாரோ ஒருவன் எங்கோ உயிரோடு இருக்கிறான், அந்த ஒருவன் ஏன் நம்முடையவனாக இருக்கக் கூடாது என்று பதினொரு பேரும் ஒரே தாடியைப் பதினொரு விதமாய்ப் பார்த்து ஏங்கினார்கள்.

மாடத்தி வாதத்துக்குப் போகவில்லை. கடைசியாய் அந்தத் தாளைத் தொட்டு அழுத்திய கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சவரம் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் நனைந்து தாளின் ஓரங்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். அவற்றை ஒட்டுவது அவள் வேலை. மற்ற சுவர்களுக்குத் துத்தம் போட்ட பசை. இந்த ஒரு சுவருக்கு மட்டும், தாடி முளைக்கிற முகத்துக்குப் போய் விஷம் தடவவா என்று மனம் கேட்காமல், வீட்டுப் பானையில் இரண்டாவது ஆளுக்கென்று வைத்த கஞ்சியைக் கலயத்தில் ஊற்றிக் கொண்டுவருவாள், உப்பு பார்த்துத்தான் கொண்டுவருவாள். ஓரத்தைத் தூக்கி, விரலால் கஞ்சி தொட்டு உள்ளே தடவி, உள்ளங்கையால் அழுத்துவாள். துத்தம் இல்லாத பசை என்பதால் ஊர் ஆடுகளுக்கெல்லாம் அந்தச் சுவரின்மேல் கண். பதினொரு வீட்டுப் பெண்களும் முறைவைத்து ஆடு விரட்டினார்கள்.

இரண்டாம் வருஷம் போலீஸ் ஸ்டேஷன் மாடியில் ஒரு அபாயச் சங்கு கொண்டுவந்து வைத்தார்கள், ஆகாய விமானம் வந்தால் ஊதுவதற்கு. விமானம் வரவில்லை, சங்கு ஊதுகிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு புதன்கிழமை பகலில், முன்கூட்டிச் சொல்லாமல், ஊதிவிட்டார்கள். வைரவனின் கத்தி அப்போது சிப்பாயின் இடது தாடையில் இருந்தது. கை துள்ளிவிட்டது. தாளில் ஒரு அங்குல நீளத்துக்குச் சிவப்பாய் ஒரு கோடு தோன்றி, அதிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, 'வா தம்பி' என்ற எழுத்தின்மேல் விழுந்தது.

சங்கின் சத்தம் அடங்கியதும் வைரவன் படிகாரக் கட்டியை எடுத்து வெட்டின்மேல் வைத்து அழுத்தினான். "மன்னிச்சிக்கோடே," என்று தாளிடம் சொன்னான். பத்து நாளில் அது ஆறித் தழும்பாகிவிட்டது, ஆனால் மறையவில்லை.

மூன்றாம் வருஷம் கன்னம் ஒட்டிப்போனது. அச்சடித்த சிரிப்பு அப்படியே இருக்க, சிரிப்புக்கு இரண்டு பக்கமும் குழி விழுந்தது. தாடியும் முன்போல் அடர்த்தியாய் வராமல், காய்ந்த புல்லாய், அங்கங்கே வந்தது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாடத்தி கஞ்சியைக் கெட்டியாக வைத்தாள். ரேஷனில் அரிசி கிடைக்காத வாரம் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு கலயத்துப் பங்கைக் குறைக்காமல் கொண்டுவந்து தடவினாள். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய. ஒரு வாய் குடிக்காமல் போனவனுக்குச் செய்ய அவளிடம் வேறு என்ன இருந்தது.

பிறகு, ஒரு ஆவணி மாதத்தில், சண்டை முடிந்துவிட்டது. ஜப்பான்காரன் கையைத் தூக்கிவிட்டான் என்று ரயில் கார்டு கொடியை ஆட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் சென்னைப் பட்டணத்திலிருந்து கடைசிக் கட்டு வந்தது: வெற்றிக் கொண்டாட்டப் படம், பழைய படங்களைப்போல் ஒற்றைத் தாள் அல்ல, நாலு தாளைச் சேர்த்து ஒட்டவேண்டிய பெரிய படம். ஊருக்கு ஒரு படம். கூடவே உத்தரவு: கொண்டாட்ட நாளுக்குள் எல்லாச் சண்டைப் படங்களும் மறைக்கப்பட வேண்டும், வெற்றிப் படம் சந்தையைப் பார்த்த பஞ்சுக் கிட்டங்கிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

மாடத்தி நாலு தாளையும் வீட்டுத் தரையில் விரித்துச் சேர்த்துப் பார்த்தாள். கீழ் இரண்டு தாளில் ரயில் சக்கரமும் பேண்டு வாத்தியமும் கொடி பிடித்த பிள்ளைகளும், ரயிலிலிருந்து இறங்குகிற ஒருவனின் பூட்ஸ் காலும். மேல் வலதுத் தாளில் வாணவேடிக்கையும் ஆரத்தித் தட்டோடு ஒரு பெண்ணும். மேல் இடதுத் தாளில், இறங்குகிறவனின் நெஞ்சும் முகமும், 'வீரன் வீடு திரும்பினான்' என்ற எழுத்தும். அந்த மேல் இடதுத் தாள் கிட்டங்கிச் சுவரில் எங்கே போய் உட்காரும் என்று அவளுக்கு அளந்து பார்க்காமலே தெரிந்தது.

அன்று மாலை பெண்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். "ஒட்டிராத மாடத்தி," என்றாள் ஞானப்பூ. "மூச்சு முட்டிரும்."

"ஒட்டலைன்னா வேற ஆளு வருவான், மதினி. அவன் சுரண்டிட்டு ஒட்டுவான்."

 மாடத்தி எழுந்து, மேல் இடதுத் தாளைச் சுருட்டி, டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பசைவாளி தூக்குகிறவர்களிடம் பழைய சாக்கு ஒன்று உண்டு, ரயிலில் வந்த கட்டிலேயே தாள் குறைவாக இருந்தது என்பது. மறுநாள் மூன்று தாளை ஒட்டினாள். பார்த்தால், ரயிலிலிருந்து இறங்குகிற பூட்ஸ் காலுக்கு மேலே, விட்ட இடத்தில், கிட்டங்கிச் சிப்பாய் கச்சிதமாய்ப் பொருந்தி நின்றான். ஆறுநாள் தாடியும் குழிவிழுந்த கன்னமுமாய் அவனே ரயிலிலிருந்து இறங்கி வருவதுபோல இருந்தது.

கொண்டாட்ட நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காகிதக் கொடியும் மிட்டாயும் கொடுத்தார்கள், பேண்டு வாசித்தார்கள், யுத்தப் பிரசார அதிகாரி ஜீப்பில் வந்து மேடையேறினார். பேசிக்கொண்டே சுவரைப் பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"நாலாவது தாள் எங்கே?"

"கட்டுல மூணுதான் வந்துதுங்கய்யா," என்றாள் மாடத்தி.

"மூணுதான் வந்துது," என்றார் ஏட்டு. "மூணுதாங்கய்யா," என்றான் வைரவன். "மூணு, மூணு," என்றது சந்தை. அதிகாரி சிப்பாயின் தாடியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார், பிறகு சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார், பிறகு நோட்டுப்புத்தகத்தில் ஒரு தாள் குறைவு என்று எழுதிக்கொண்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஐப்பசியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மெலிந்து, கறுத்து, தகரப்பெட்டி ஒன்றோடு ஒவ்வொருவராய் ஸ்டேஷனில் இறங்கினார்கள். இறங்கியவனைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால், அவன் தாயாகவே இருந்தாலும், மோவாயைப் பிடித்துத் திருப்பி இடது தாடையில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தாள். மற்ற பெண்களும் முறைபோட்டுப் பார்த்தார்கள். ஆள் தன் ஆளாக இருந்தால் போதாதா, தழும்பு எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மைதீன் பாத்துவின் மகன் வந்தான், தழும்பில்லை. முத்துப்பேச்சியின் தம்பி வந்தான், செம்பட்டைத் தாடிதான், தழும்பில்லை. மார்கழிக்குள் ஏழு பேர் வந்தார்கள், ஏழு தாடையும் வழுவழுவென்று இருந்தன. சொரிமுத்துவைப் பற்றிக் கேட்டால், வேறு கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், எந்தத் தீவோ தெரியாது என்றார்கள். சுவரில் தாடி முளைத்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் அது மிச்சம் நாலு பேரில் ஒருவனுடையது. பதினொன்றில் ஒன்று என்று இருந்த ஆசை நாலில் ஒன்று என்று ஆனபோது மாடத்திக்கு உடம்பெல்லாம் காய்ச்சல்போல் ஆகிவிட்டது. இரண்டு ஆளுக்கு வைக்கிற கஞ்சியை மூன்று ஆளுக்கு வைத்தாள், வருகிறவன் பசியோடு வருவான் என்று.

தை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், பகல் வண்டி வந்து போன கொஞ்ச நேரத்தில், வைரவன் சிப்பாயின் வலது கன்னத்தில் கத்தியை வைத்தான். வேப்பமரத்தடியில் இருந்த ஞானப்பூ எதற்கோ திரும்பியவள், கூட்டத்தின் பின்னால் தகரப்பெட்டியோடு வந்து நின்ற ஒரு ஆளைப் பார்த்தாள். ஒருவாரத் தாடி. வைரவன் தாளில் கத்தியை இறக்க இறக்க, அந்த ஆளின் வலது கன்னத்தில் மேலிருந்து கீழாகத் தாடி காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஞானப்பூ மாடத்தியின் கையைப் பிடித்தாள். ஒவ்வொருவராய்த் திரும்பினார்கள், வைரவன் மட்டும் திரும்பவில்லை. இடது கன்னம் சுத்தமானதும் தாடையில் ஒரு அங்குலத் தழும்பு தெரிந்தது. கடைசியில் அந்த ஆள் விரலால் கீழுதட்டின் அடியைத் தொட்டுப் பார்த்து, நெல்லளவு மயிர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, லேசாகச் சிரித்தான். நாலரை வருஷமாய்ச் சுவரிலிருந்து சிரித்த அதே சிரிப்பு.

நாலு பெண்களுக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. தாடி அவர்கள் யாருடைய ஆளுடையதும் இல்லை. முகம் யாருடையதோ அவனுடையதுதான்.

"இங்க சொரிமுத்துன்னு, படம் ஒட்றவரு, அவரு வூடு எதுங்க?" என்று கேட்டான் அவன்.

அவன் பெயர் ஏகாம்பரம். சென்னைப் பட்டணத்தில் ஒரு அச்சாபீசில் தாள் சுமக்கிற வேலை. ஒருநாள் படம் எழுதுகிறவர் அவனைக் கூப்பிட்டுக் காக்கி மாட்டி, கையை நீட்டிச் சிரிக்கச் சொன்னார், சிரித்தான். படம் ஊரெல்லாம் ஒட்டியபிறகு, எல்லாரையும் வா வா என்று கூப்பிட்டுவிட்டு நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று போகிற வருகிறவர்கள் கேட்கக் கேட்க, வெட்கம் தாங்காமல் அவனும் சேனையில் சேர்ந்துவிட்டான். இதை அவன் மாடத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னபோது ஊரே சுற்றி நின்றது. வைரவன் முன்னால் வந்து, தழும்பைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"சங்கு ஊதிட்டாவ அண்ணாச்சி. கை தவறிப்போச்சி."

"தெரியும்யா," என்றான் ஏகாம்பரம். "சொரிமுத்து அப்பவே சொன்னாரு. வைரவன் கை தவற மாட்டானே, ஊர்ல ஏதோ சத்தம் கேட்டிருக்குன்னாரு."

அவனும் சொரிமுத்துவும் பிடிபட்டுக் கிடந்தது ஒரு தீவில், காட்டுக்குள் இருந்த கைதி முகாமில். கத்தி, பிளேடு ஒன்றும் கிடையாது, எல்லாருக்கும் தாடி இடுப்புவரை. ஏகாம்பரத்துக்கு மட்டும் புதனுக்குப் புதன் முகம் சுத்தமாகிவிடும். கத்தியை எங்கே ஒளித்தாய் என்று ஜப்பான்காரன் மூன்று தடவை அடித்தான். பிறகு ஒரு புதன்கிழமை தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, அதோடு விட்டுவிட்டான். இது பேயா பிசாசா என்று மற்றவர்கள் விலகி உட்கார்ந்தபோது, சொரிமுத்து ஒருவன்தான் கிட்டே வந்து, கீழுதட்டுக்கு அடியில் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏய், இது எங்க வைரவன் வேலைலா. எங்க ஊர்ல உனக்குச் செரச்சி விடுதாவ," என்று சொல்லி அழுதானாம், சிரித்தானாம்.

மாடத்தி அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. சொரிமுத்து வரவில்லை, பெட்டியோடு வந்தவன் வேறு ஒருவன் என்றபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் ஒன்று கேட்காமல் முடியவில்லை.

"அங்க என்னத்தத் தின்னாவ?"

ஏகாம்பரம் விரல்விட்டு எண்ணினான். "ஆரம்பத்துல சோறு. அப்புறம் கிழங்கு. கடைசி வருசம் ஒண்ணுமில்லம்மா." பிறகு தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னான்: "ஆனா புதன்கிழமை, சவரம் முடிஞ்சு கொஞ்ச நேரத்துல, இங்க ஓரமா, காதுகிட்ட, கழுத்துகிட்ட, கஞ்சி வாசம் வரும். எனக்கு வாசம் மட்டுந்தான். அவரு வந்து பக்கத்துல உக்காந்து, விரலால அந்த எடத்தத் தொட்டு நாக்குல வச்சிக்குவாரு. கண்ண மூடிக்குவாரு. வயிறு ரொம்புன மாதிரி ஏப்பம் வுடுவாரு, பொய்யில்லம்மா, நான் பாத்தேன். உப்பு சரியா கீதுன்னு சொல்லுவாரு. புதனுக்குப் புதன் அதத்தான் சொல்லுவாரு."

"எப்ப வரைக்கும்?"

"ஆடி மாசம் வரைக்கும். காய்ச்சல். சண்டை முடிய இருபது நாள் இருந்துச்சு. அன்னிக்கும் புதன்கிழமதாம்மா. தொட்டு வச்சிக்கினாரு. எங்க ஊட்ல போயிச் சொல்லு, நான் வெறும் வயித்தோட இல்லன்னு சொல்லுன்னாரு."

மாடத்தி அப்போது அழுதாள். நாலரை வருஷமாய் முன்னால் வந்து வழிமறித்துக்கொண்டிருந்த கோபம் அன்றைக்கு வரவில்லை, வெறும் அழுகை மட்டும் வந்தது, ஞானப்பூவும் மற்ற இரண்டு பேரும் அவளோடு சேர்ந்து தங்கள் ஆட்களுக்காகவும் அழுதார்கள். பிறகு எழுந்து, மூன்று ஆளுக்கு வைத்த கஞ்சியை ஏகாம்பரத்துக்கு ஊற்றினாள், அவன் அவ்வளவையும் குடித்தான்.

மாலை வண்டிக்குப் போகும் முன்னால் வைரவன் அவனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, முதல்முறையாய் அந்த முகத்தை நேரில் தொட்டுப் பார்த்தான். "இந்த மிச்சத்தையும் எடுத்திருதேன்," என்று உதட்டின் அடியில் கத்தியைக் கொண்டுபோனான்.

"அது இருக்கட்டும்யா," என்றான் ஏகாம்பரம்.

மறுநாள் காலையில் மாடத்தி டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளுக்கு அடியிலிருந்த நாலாவது தாளை எடுத்தாள். பசை காய்ச்சினாள். உப்புப் போடவில்லை. மயில்துத்தத்தைக் கை நிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினாள், முகத்துக்காரன் வந்து போய்விட்டான், இனி அந்தச் சுவரில் சாப்பிட ஆளில்லை. ஏணி வைத்து ஏறி, கிட்டங்கிச் சிப்பாயின் மேலே தாளை விரித்து, பூட்ஸ் காலோடும் ஆரத்தித் தட்டோடும் விளிம்பு சேர்த்து ஒட்டினாள். வீரன் வீடு திரும்பினான் என்ற எழுத்தும் வந்து படம் முழுசாய்க் கூடியது. நடுவில் உள்ளங்கையை வைத்து, ஒரு குமிழும் மிஞ்சாமல், அவன் அழுத்துகிறமாதிரி நெடுநேரம் அழுத்தினாள். பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்குப் போய், ஒரு ஆளுக்குக் கஞ்சி வைத்தாள்.